சர்க்கரை காதையும் விட்டுவைப்பதில்லை

சர்க்கரை நோய் என்றதும் டாக்டர் கண் விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கிறார். காதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. டிவி சத்தம் கூடிக்கொண்டே போனால், ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டிலும் முடித்துவிடுகிறோம்.

வயது மட்டும்தான் காரணமா? 20 முதல் 69 வயதுக்குட்பட்ட 5,140 பேரின் செவித்திறனை அலசிய அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2008-ல் வெளியானது. உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்பதில் குறைபாடு, சர்க்கரை நோய் உள்ளவர்களில் 54 சதவீதம் பேருக்கு இருந்தது; இல்லாதவர்களில் 32 சதவீதம். சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர்களுக்கும் பாதிப்பு 30 சதவீதம் கூடுதல். வயது, இரைச்சல், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் தொடர்பு அறுபடவில்லை.

உள்காதில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கிறது காக்லியா. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக்குபவை அதிலுள்ள சுமார் 15,000 மயிர்ச்செல்கள். அவை இயங்க ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அதைத் தருவது காக்லியாவின் பக்கச்சுவரில் பின்னிக்கிடக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்த் திசு. உள்காதுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியோ ஒன்றே ஒன்று. அடைத்தால் மாற்றுப் பாதை கிடையாது. சர்க்கரை நோயோடு இறந்தவர்களின் உள்காதை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்த நுண்குழாய்களின் சுவர் தடித்திருந்தது; மயிர்ச்செல்களும் குறைந்திருந்தன. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் சர்க்கரை குறிவைப்பது இதே நுண்குழாய்களைத்தான்.

பெரும்பாலும் முதலில் போவது உச்ச ஸ்தாயி. ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் ஒலி அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் ‘சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை’ என்கிறார்கள் பெரியவர்கள்.

13 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சர்க்கரைக்கும் காதுக்குமான தொடர்பு 60 வயதுக்குள் இருப்பவர்களிடம்தான் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு மேல் பலருக்கும் காது மந்தமாவதால், சர்க்கரையின் பங்கு வயதின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இண்டியாப்’ (ICMR-INDIAB) ஆய்வு. நோய் தெரிந்தவுடனும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் செவித்திறனைச் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். ஊசி இல்லை, வலி இல்லை: சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் ஆடியோகிராம்.

போன மயிர்ச்செல்கள் திரும்ப முளைக்காது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து இருப்பதைக் காப்பாற்றலாம். தேவையென்றால் காது மெஷின் இருக்கிறது. ஒரு காது திடீரென்று அடைத்துப்போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். ஆகவே உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.