சீட்டின் ஓரத்தை வெட்டுபவர் பிச்சைக்காரரா?

புது தில்லி: ஒரு சீட்டுக்கட்டு, ஓர் எஃகு அளவுகோல், ஒரு புதிய பிளேடு. சீட்டு வித்தை காட்ட விரும்புவோர் வீட்டிலேயே தயாராவதற்கு இவை போதும். ஆனால் வெட்டு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வித்தை அம்பலமாகிவிடும். இத்தனை நுட்பமான கைவேலையைத் தெருவில் காட்டிப் பிழைப்பவரைப் பிச்சைக்காரர் என்றே தலைநகரின் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் அழைத்து வந்தது.

வழக்கமான சீட்டு ஒன்றின் அகலம் சுமார் 63 மி.மீ., நீளம் சுமார் 88 மி.மீ. கட்டிலுள்ள எல்லாச் சீட்டுகளையும் ஒரு முனை மட்டும் சற்றே குறுகும்படி சாய்வாக வெட்டிவிட்டால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பார்வையாளர் ஒரு சீட்டை உருவிப் பார்க்கும்போது, வித்தைக்காரர் கையிலுள்ள கட்டை மெதுவாக முனை மாற்றிப் பிடித்துக்கொள்வார். திரும்பச் செருகப்படும் சீட்டின் அகன்ற முனை, மற்றவற்றின் குறுகிய முனையோடு சேர்ந்துவிடும். அதன் பிறகு எத்தனை முறை கலைத்தாலும், விரல்கள் ஓரத்தை வருடியதும் அந்த ஒரு சீட்டு மட்டும் கையோடு வந்துவிடும்.

கத்தரிக்கோல் உதவாது: கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் நேராக வராது. எல்லாச் சீட்டுகளும் ஒரே அளவில் அமைய, ஒரு தடித்த அட்டையையோ தகட்டையோ அச்சாக வைத்துக்கொண்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து, பிளேடால் இரண்டு மூன்று முறை மெல்லக் கீற வேண்டும். ஒரே மூச்சில் அழுத்தி வெட்டினால் ஓரம் பிசிறு தட்டும். வெட்டிய பின் கூர்மையாகிவிடும் மூலைகளை மறுபடியும் வளைவாக்கி, மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சகங்களில் உள்ள காகிதம் வெட்டும் இயந்திரம், கட்டு முழுவதையும் அழுத்திப் பிடித்து ஒரே வெட்டில் இந்த வேலையை முடித்துவிடும். மழைக்காலத்தின் ஈரம் காகிதத்தை ஊதச் செய்து வளைத்துவிடும் என்பதால், வெட்டிய கட்டை இறுக மூடி வைப்பது வழக்கம்.

26 கட்டுக் கணக்கு: இன்னொரு வகைக் கட்டில், ஒரே சீட்டின் 26 பிரதிகள் நீளத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் குறைக்கப்பட்டு, வெட்டப்படாத 26 வெவ்வேறு சீட்டுகளுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்படும். முனையைப் பிடித்து விசிறும்போது நீளமான சீட்டுகள் மட்டுமே முகம் காட்டும். பார்வையாளர் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் அவருக்குக் கிடைப்பதோ குறைக்கப்பட்ட சீட்டுதான். ஒரே சீட்டின் 26 பிரதிகளுக்கு 26 கட்டுகளை வாங்க வேண்டும் என்பது தனியொருவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் 26 பேர் சேர்ந்து ஆளுக்கொரு கட்டு வாங்கினால், ஒரு சீட்டும் வீணாகாமல் 26 வித்தைக் கட்டுகள் செய்துவிடலாம்.

நீள்சதுரச் சீட்டுக்கே இந்தச் சாய்வு வெட்டு பொருந்தும். முகலாயர் காலத்தில் பரவி, ஒடிசாவின் ரகுராஜ்பூரிலும் மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியிலும் இன்றும் கையால் தீட்டப்படும் கஞ்சீஃபா சீட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை. வட்டத்துக்கு முனை ஏது?

இதே கட்டு சூதாட்ட மேசைக்குப் போனால் அது மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 318-வது பிரிவும், அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டமும் மோசடியைத் தீர்மானிப்பது நேர்மையற்ற நோக்கத்தை வைத்துத்தான். வித்தைக்காரர் ஏமாற்றப் போவதாகச் சொல்லிவிட்டே ஏமாற்றுகிறார். பார்ப்பவரும் அதற்காகவே நிற்கிறார். இந்த வேறுபாட்டைக் குற்றவியல் சட்டம் அறியும்.

ஆனால் பிச்சைத் தடுப்புச் சட்டம் அறியவில்லை. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பாடுதல், ஆடுதல், ஜோதிடம் சொல்லுதல், வித்தை நிகழ்த்துதல் போன்ற எந்தச் சாக்கில் பொது இடத்தில் காசு கேட்டாலும் அது பிச்சையே என்றது. பிடியாணை இல்லாமலேயே கைது செய்யலாம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்கலாம். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரைகூட அடைக்கலாம். இச்சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. மேடையில் வித்தை காட்டிய பி.சி. சர்க்காருக்கு 1964-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த நாட்டில், அதே கலையைத் தெருவில் காட்டியவருக்கு வாய்த்த சட்டம் இது.

2018 ஆகஸ்ட் 8 அன்று, தற்காலிகத் தலைமை நீதிபதி கீதா மித்தல், நீதிபதி சி. ஹரிசங்கர் ஆகியோர் அடங்கிய தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தண்டிக்கும் பிரிவுகள் நீங்கின. ஆயினும் அத்தீர்ப்பு தில்லிக்கு மட்டுமே உரியது. சட்டம் பிறந்த மகாராஷ்டிரம் அதனால் கட்டுப்படவில்லை. மத்திய சமூகநீதித் துறை 2016-இல் ஆதரவற்றோர் பாதுகாப்புக்காகத் தயாரித்த மாதிரி மசோதாவும் நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை.

தீர்ப்பு வருவதற்கு முன்பே இன்னொரு அடி விழுந்திருந்தது. பொம்மலாட்டக்காரர்களும் ஜாலவித்தைக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் பல பத்தாண்டுகளாகக் கூடி வாழ்ந்த, ஷாதிபூர் அருகிலுள்ள கட்புத்லி காலனி, அடுக்குமாடித் திட்டத்துக்காக 2017 அக்டோபர் இறுதியில் இடிக்கப்பட்டது. குடும்பங்கள் ஆனந்த் பர்பத் இடைத்தங்கல் முகாமுக்கும், ஒரு பகுதியினர் தொலைவிலுள்ள நரேலாவுக்கும் சென்றனர். கட்டு செய்யும் நுட்பமும் அதைக் கையாளும் விரல்பழக்கமும் பெரியவர்களிடமிருந்து அருகிருந்து பார்த்தே பிள்ளைகள் கற்பவை. குடியிருப்பு சிதறினால் அந்தப் பள்ளிக்கூடமும் சிதறிவிடும்.

இனி வேண்டியது மன்னிப்பு அன்று, அனுமதி. எந்தப் பூங்காவில், எந்தச் சந்தை வாசலில், எந்த நேரத்தில் வித்தை காட்டலாம் என்று மாநகராட்சி ஒரு பட்டியல் வெளியிட்டால் போதும். காவலரின் விருப்பத்தை நம்பி நாளைத் தொடங்க வேண்டிய நிலை மாறும். பிச்சை குற்றமல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வித்தை பிச்சையல்ல என்று சொல்ல வேண்டியவர்கள் சட்டம் இயற்றுபவர்கள்தான்.