4 வருஷத்துல 69 கேட்ச்... அடுத்த வருஷமே 105! - ஜூலியன் எடல்மன் தாக்குப்பிடிச்ச கதை

அமெரிக்கன் ஃபுட்பால்னா ஹெல்மெட், மோதல், நடுவுல ஒரு பாட்டுக் கச்சேரி... இதானே உங்களுக்கு ஞாபகம் வருது? இன்னிக்கு ஒரே ஒரு வீரரை மட்டும் கவனிங்க, ஜூலியன் எடல்மன். அந்த விளையாட்டுல பாதி புரிஞ்சிடும்.

கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் இவர் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறியலாம்னு நொடியில் முடிவெடுக்கிறவர். ஆனால், கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல் அணிகள் தேர்வு செய்யும் டிராஃப்ட்டில், 2009-ல் இவர் பெயர் வந்தது 232-வதாக. மொத்தமே 256 பேர்தான்! எடுத்தது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அங்கே குவார்ட்டர்பேக், டாம் பிராடி. அந்த நாற்காலி காலியாக வாய்ப்பே இல்லை.

அதனால் எறிகிற ஆள், ஓடிப்போய்ப் பிடிக்கிற வைட் ரிசீவராக மாறினார். அங்கேயும் வெஸ் வெல்கர் என்ற ஸ்டார் இருந்தார். முதல் 4 சீசனில் எடல்மனுக்கு 69 கேட்ச். 2011-ல் வெறும் 4.

பின்ன எப்படி வேலை போகாம இருந்துச்சு? கிடைச்ச வேலையை எல்லாம் செஞ்சார். முதல்ல பன்ட் ரிட்டர்ன். எதிரணி உயரமா உதைக்கிற பந்தை அண்ணாந்து பார்த்துப் பிடிக்கணும். அதே நேரம் எதிரணி ஆட்கள் முழு வேகத்துல உங்களை நோக்கி ஓடி வருவாங்க. நினைச்சாலே வயிறு கலங்குதுல்ல? 2010 சீசனில் மியாமிக்கு எதிராக அப்படிப் பிடித்த பந்தோடு 94 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 2011-ல் தடுப்பாட்டத்தில் ஆள் குறைஞ்சப்போ, ரிசீவர்களைத் தடுக்கிற பக்கமும் போய் நின்னார்.

2013-ல் வெல்கர் வேறு அணிக்குப் போனார். எடல்மன் அந்த சீசனில் பிடித்தது 105.

இங்கேதான் பழைய குவார்ட்டர்பேக் மூளை உதவுச்சு. எடல்மன் ஆடின 'ஸ்லாட்' இடத்தில், ஓடுற பாதை முழுசா முன்கூட்டியே முடிவாகாது. தடுக்கிறவர் உள்பக்கம் நின்றால் வெளியே திரும்பணும், வெளியே நின்றால் உள்ளே. பிராடியும் அதே நொடியில் அதையே யோசிக்கணும். ஒருத்தர் தப்பா நினைச்சாலும் பந்து எதிரணி கைக்குப் போயிடும்.

2015 ஜனவரி, பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிரான பிளேஆஃப். பேட்ரியட்ஸ் 7 புள்ளி பின்தங்கியிருந்தது. பிராடி பந்தைப் பின்பக்கமாக எடல்மனுக்கு எறிந்தார். ஒவ்வொரு டவுனிலும் (ஒரு தனி முயற்சியில்) முன்பக்கமாக ஒருமுறைதான் எறியலாம்; பின்பக்க எறிதல் அந்தக் கணக்கில் வராது. எடல்மன் ஓடப்போறார்னு எல்லாரும் நினைக்க, டேனி அமெண்டோலாவுக்கு 51 யார்டு டச்டவுன் பாஸ்! என்.எஃப்.எல்-லில் அவர் எறிந்த முதல் பாஸ் அதுதான். பேட்ரியட்ஸ் 35-31 என ஜெயித்தது.

எல்லாமே அழகான கதை இல்லை. 2017 சீசன் முழுக்க முழங்கால் காயம். 2018-ல் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து விதியை மீறியதாக முதல் 4 மேட்ச் ஆடவே விடலை. அவரோட ரசிகர்கள் இதைத் தாண்டிப் போயிடுவாங்க; நாம அப்படிப் போக வேண்டாம். அதே சீசன் முடிவில், 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் 10 கேட்ச், 141 யார்டு, ஆட்ட நாயகன் விருது.

2021 ஏப்ரலில் முழங்கால் ஒத்துழைக்காமல் ஓய்வு பெற்றார். மொத்தம் 620 கேட்ச், 3 சூப்பர் பௌல் பட்டங்கள். அந்த 51 யார்டு பாஸை யூடியூப்ல தேடிப் பாருங்க. அமெண்டோலா பக்கத்துல தடுக்க ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க.