மழைக் கணக்கைத் தமிழிலேயே போடலாம்: பைத்தானில் வேரியபிள்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கணக்குப் போட கால்குலேட்டரைத் திறக்கிறோம். கொஞ்சம் பழகிய பின் எக்ஸெல் பக்கம் போகிறோம். அதற்கு அடுத்த படி பைத்தான். தகவல்களை அலசி ஆராய உலகெங்கும் பயன்படும் இந்தக் கம்ப்யூட்டர் மொழியை கைடோ வான் ரோசம் 1991ல் வெளியிட்டார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2008ல் வந்த பைத்தான் 3 முதல், வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்பது நமக்குக் கூடுதல் வசதி.

வேரியபிள் என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா. டப்பாவின் மேல் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பது கிடைக்கும்.

கணக்குக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டை எடுத்துக் கொள்வோம். வானம் பார்த்த பூமி. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. பெய்யும் சில நாட்களில் பண்ணைக் குட்டைக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று தெரிந்தால்தான், பின்னால் காயும் பயிருக்கு ஒரு தண்ணீர் விட முடியுமா என்று முடிவு செய்யலாம்.

அடிப்படை எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் 4047 சதுர மீட்டர். பெய்வதில் ஒரு பங்குதான் ஓடி வந்து குட்டையில் சேரும். இங்கு எடுத்துக்காட்டாக அதை 0.2, அதாவது ஐந்தில் ஒரு பங்கு என்று வைப்போம்.

டைப் செய்து பாருங்கள்

பைத்தானை இன்ஸ்டால் செய்தவுடன் ஸ்டார்ட் மெனுவில் ஐடில் என்ற புரோகிராம் இருக்கும். அதைத் திறந்து, தமிழ் கீபோர்டுக்கு மாறி, ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டவும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி.

ஏக்கர் = 3
மழை = 40
பங்கு = 0.2
நீர் = ஏக்கர் * 4047 * மழை * பங்கு
நீர்

கடைசி வரிக்கு 97128.0 என்று விடை வரும். ஏறத்தாழ 97 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கர் முழுவதும் 24 மி.மீ. உயரத்திற்குப் பாய்ச்சலாம்.

எக்ஸெல் பழகியவர்கள் கவனிக்க

மழை 40 இல்லை, 15 தான் என்று தெரிய வருகிறது. மழை = 15 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு நீர் என்று கேளுங்கள். பழைய 97128.0 தான் வரும்!

எக்ஸெல்லில் ஒரு செல்லை மாற்றினால் பார்முலா உள்ள செல் தானாக மாறும். இங்கு அப்படி இல்லை. நீர் என்ற டப்பாவில் இருப்பது பார்முலா அல்ல. அன்றைக்குப் போட்ட விடை மட்டுமே. கணக்கு வரியை மீண்டும் இயக்கினால்தான் 36423.0 என்ற சரியான விடை கிடைக்கும். அது ஏக்கருக்கு வெறும் 9 மி.மீ. 24ஐ நம்பி விதைத்தவருக்கு 9 தான் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது அதிக ஆபத்தானது.

தமிழில் வரும் இன்னொரு சிக்கல்

மழை என்பதை மளை என்று டைப் செய்தால்? நீர் கணக்கு வரியில் எழுதினால், அப்படி ஒரு பெயர் இல்லை என்று பைத்தான் சொல்லிவிடும். ஆனால் மளை = 15 என்று கொடுத்தால் சத்தமில்லாமல் புதிய டப்பா ஒன்றை உருவாக்கிவிடும். மழையில் 40 அப்படியே இருக்கும்.

பெயருக்கு நடுவில் இடைவெளி கூடாது. இலக்கத்தில் தொடங்கவும் கூடாது. இரண்டு சொற்கள் என்றால் அடிக்கோடு இட்டு மழை_மிமீ என்று எழுதலாம். அளவும் பெயரிலேயே இருப்பது நல்லது. ஊரில் "ஒரு உழவு மழை" என்பார்கள், மழைமானி மில்லி மீட்டரில் சொல்லும். இரண்டும் ஒரே டப்பாவில் கலந்துவிடக் கூடாது.

எளிய தீர்வு

ஐடிலில் பைல் மெனு சென்று நியூ பைல் தேர்ந்தெடுங்கள். முதல் நான்கு வரிகளையும் அதில் எழுதி சேவ் செய்து எப்5 கீயை அழுத்துங்கள். பின் முதல் விண்டோவில் நீர் என்று கேளுங்கள். மதிப்பு மாறும் போதெல்லாம் பைலில் திருத்தி எப்5 அழுத்தினால், மேலிருந்து கீழ் வரை முழுக் கணக்கும் புதிதாக நடக்கும். ஐடிலை மூடினாலும் பைல் பத்திரமாக இருக்கும்.

விடையை நம்பும் முன் ஏக்கர், மழை, பங்கு என்று கமா இட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள். மூன்றிலும் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும்.

பங்கு எல்லா மழைக்கும் ஒன்றல்ல. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழையைத் தானே குடித்துவிடும். நனைந்த மண்ணில் அடுத்த மழை அதிகம் ஓடும். அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அந்தப் பகுதியினர் தங்கள் மண்ணுக்கு ஏற்ற அளவை அங்கு கேட்கலாம். பிறகு பங்கு என்ற ஒரே வரியை மாற்றி, எப்5 அழுத்திப் பாருங்கள்.