வலக்கோடியில் ஒரு நிறுவனம்

புனேயின் வாகட் பகுதி, பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் வருகிறது. மேற்கே ஹிஞ்சவடி ஐ.டி. பூங்கா. வடகிழக்கே கொஞ்ச தூரம் போனால் பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸின் பழைய தொழிற்சாலை. 1960களிலிருந்து அங்கே இருக்கிறது. அந்தச் சுற்றுச்சுவரையும் லாரிகளையும் ஊரே அறியும். அதே நிறுவனத்துக்கு இணையத்தில் இருக்கும் ஒரு சொத்தைப் பற்றி ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிறவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். டாட் காம், டாட் இன் என்பவை போல 'டாட் டாடாமோட்டார்ஸ்' என்றே ஒரு பின்னொட்டு அதற்கு உண்டு. அதன் அனுமதி இல்லாமல் உலகத்தில் வேறு யாரும் அந்தப் பின்னொட்டில் ஒரு முகவரி வாங்க முடியாது.

இது எப்படிச் சாத்தியம்? இணைய முகவரியை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடோ வலது கோடியிலிருந்து தொடங்குகிறது. வாகட்டில் ஒருவர் தன் போனில் ஸ்டேட் வங்கியின் 'பேங்க் டாட் எஸ்பிஐ' முகவரியைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இணைய சேவை நிறுவனத்தின் கணினி, மூல சர்வர்களில் ஒன்றைக் கேட்கும். மூல சர்வர்களுக்கு 13 பெயர்கள். அந்தப் பெயர்களில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சர்வர்கள் இயங்குகின்றன. மூல சர்வருக்கு வங்கியின் தளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'எஸ்பிஐ என்று முடியும் பெயர்களுக்கு இன்ன சர்வர்கள் பொறுப்பு, அங்கே கேள்' என்று மட்டும் சொல்லும். அந்த சர்வர்கள் இடப்பக்கம் இருக்கும் 'பேங்க்' எங்கே என்று காட்டும். எல்லாம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். மூல சர்வர் சொன்ன பதிலை இரண்டு நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொரு தடவையும் அதனிடம் போகவேண்டியதும் இல்லை.

ஆக, வலது கோடியில் இருக்கும் பெயருக்கு யார் பொறுப்போ, அவர்களே அதற்கு இடப்பக்கம் வரும் எல்லாப் பெயர்களுக்கும் காவல். வெகு காலம் அந்த இடத்தில் காம், ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளும், இன், எல்கே போன்ற நாட்டுப் பின்னொட்டுகளுமே பெரும்பாலும் இருந்தன. 2012இல் இந்தப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு கதவைத் திறந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். ஆனாலும் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, நிறுவனங்கள் தங்கள் வணிகப் பெயரையே பின்னொட்டாகக் கேட்டவை.

டாடா குழுமம் கேட்டது வெறும் 'டாடா'. அதற்குக் குறுக்கே வந்தது மொராக்கோ. அந்த நாட்டின் தெற்கில் டாடா என்றே ஒரு மாகாணம் இருக்கிறது. நாட்டின் உட்பிரிவாகப் பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்ற பெயரை எடுக்க அந்த அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது ஐகானின் விதி. ஒப்புதல் நிலைக்கவில்லை, பின்னொட்டும் கிடைக்கவில்லை. ஜாம்ஷெட்பூர் முதல் பிம்ப்ரி வரை நூறாண்டுக்கு மேல் உழைத்துச் சேர்த்த பெயர், பாலைவன விளிம்பில் இருக்கும் ஒரு மாகாணத்தின் முன்னால் நின்றுபோனது. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. ஊரின் பெயர் அந்த ஊர்க்காரர்களுக்கு உரியது. கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அவர்களைக் கேட்கத்தான் வேண்டும். மோட்டார்ஸ் என்ற சொல் சேர்ந்த பெயருக்கு அந்தத் தடை வரவில்லை.

வணிகப் பெயர்ப் பின்னொட்டுக்குத் தனி விதிகள் உண்டு. பதிவுபெற்ற வணிகக் குறியீடாக இருக்கவேண்டும். உள்ளே பெயர் வைத்துக்கொள்ள அந்த நிறுவனத்துக்கும், அதன் துணை நிறுவனங்களுக்கும், குறியீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே உரிமை. வாகட்டின் அடுக்குமாடி சொசைட்டிகளைப் போல: வாசலில் காவலாளி, உள்ளே வருகிறவர் எல்லாம் தெரிந்தவர்கள். டாட் காமில் ஒரு வங்கியின் பெயரோடு ஒரு கோடு, ஒரு எழுத்து சேர்த்து எந்த மோசடிக்காரரும் முகவரி வாங்கிவிடலாம். 'எஸ்பிஐ' என்று முடியும் முகவரியை அப்படி வாங்க வழியே இல்லை.

இந்தப் பயனை உணர்ந்து இறங்கியது ஸ்டேட் வங்கி. 2017 வாக்கில் தன் தளத்தையே 'பேங்க் டாட் எஸ்பிஐ' ஆக்கியது. ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனம் தன் டீலர்களுக்கு டாட் ஆடி முகவரிகளைக் கொடுத்தது. கூகுளின் வலைப்பதிவு டாட் கூகுளில் இருக்கிறது. இவர்கள் சிலர்தான். மற்ற பலர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். டாடா மோட்டார்ஸின் முதன்மைத் தளம்கூட டாட் காமிலேயே இருக்கிறது. ஐகானுக்கு ஆண்டுதோறும் 25,000 டாலருக்கு மேல் கட்டவேண்டும், சர்வர்களைப் பராமரிக்கவேண்டும். மெக்டொனால்ட்ஸ், கிரைஸ்லர், டாட்ஜ் போன்ற பெயர்களை அவற்றின் நிறுவனங்களே கைவிட்டுவிட்டன.

அடுத்த சுற்று விண்ணப்பங்களுக்கு 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று ஐகான் நாள் குறித்தது. கட்டணம் 2,27,000 டாலர். தமிழ் எழுத்தில் இன்றுள்ள பின்னொட்டுகள் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற மூன்று மட்டுமே, மூன்றும் நாடுகளுடையவை. தமிழ் எழுத்தில் பெயர்ப்பலகை வைத்து வளர்ந்த எந்த நிறுவனமும் இதுவரை அந்தப் பெயரை இங்கே கொண்டுவரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி வேறு வழியைக் கையில் எடுத்தது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெயர்களைப் பதிவு செய்து தரும் உரிமை ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்துக்கு மட்டுமே. தனக்கென்று ஒரு பின்னொட்டு வைத்திருந்த ஸ்டேட் வங்கியும் 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்' ஆயிற்று. செலவழித்து வாங்கியது வீணாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு முடிவு என்று மக்கள் மனப்பாடம் செய்வதைவிட, எல்லா வங்கிக்கும் ஒரே முடிவு என்பதே பாதுகாப்பு. கோடிகளைச் செலவழிக்க முடியாத சிறு கூட்டுறவு வங்கிக்கும் அதே காவல் கிடைக்கிறது.

வங்கி அனுப்பியதாகச் சொல்லி ஒரு இணைப்பு உங்கள் போனுக்கு வந்தால் அதைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டுங்கள். கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கு முன், தொடக்கத்தில் இருக்கும் 'https://' என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். அங்கே 'டாட் பேங்க் டாட் இன்' இல்லையென்றால், முன்னால் எவ்வளவு பழக்கமான பெயர் இருந்தாலும் பக்கத்தை மூடிவிடுங்கள்.