மீளக் குடியமரும் குடும்பங்களுக்கு உளவளத்துணை: என்னிடம் வந்தால் என்ன நடக்கும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையினால் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்துவிட்டு இப்போது திரும்பி வருகிறீர்கள். கூரைத்தகடு, பாய், பாத்திரம், பிள்ளைகளின் கொப்பி என்று உங்கள் தேவைகள் பல கண்ணுக்குத் தெரிபவை. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, விடியும்வரை விழித்திருப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் உதவி உண்டு. அதன் பெயர் உளவளத்துணை. கினிகத்தேனைப் பகுதியில் இப்பணியைச் செய்யும் நான், என் முறையை இங்கே விளக்குகிறேன்.

இது பைத்தியத்துக்கான வைத்தியமா?

இல்லை. பெரிய ஆபத்தைக் கண்டவர்களுக்குத் தூக்கம் குறைவதும், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவதும், சட்டென்று கோபம் வருவதும், கொழுந்து பறிக்கும்போது கை வேலை செய்ய மனம் வேறெங்கோ நிற்பதும் இயல்பு. பாதுகாப்பான இருப்பிடம், வருமானம், உறவினரின் துணை ஆகியவை கிடைக்கும்போது பெரும்பாலானோருக்கு இவை படிப்படியாகக் குறைந்துவிடும். சிலருக்குக் குறையாமல் நிற்கும். அப்படியானவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலை. நான் மருந்து கொடுப்பதில்லை.

உங்களை மையமாகக் கொண்ட முறை

உதவி நாடி வருபவரை நாங்கள் துணைநாடி என்கிறோம். நான் பின்பற்றுவது துணைநாடியை மையமாகக் கொண்ட முறை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களில் இதை உருவாக்கினார். ஒருவருடைய வாழ்க்கையை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறொருவர் இல்லை; சரியான துணை கிடைத்தால் தன் வழியை அவரே கண்டுகொள்வார் என்பது இதன் அடிப்படை. துணையாக இருப்பவரிடம் மூன்று பண்புகள் வேண்டும் என்று அவர் சொன்னார்.

முதலாவது, உங்கள் இடத்தில் நின்று விளங்கிக்கொள்வது. "வீடு போனது பரவாயில்லை, அம்மாவின் படம் போய்விட்டது" என்று நீங்கள் சொன்னால், நான் வீட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன். அந்தப் படத்தைப் பற்றித்தான் கேட்பேன்.

இரண்டாவது, நிபந்தனை இல்லாத மதிப்பு. இடம்பெயர்ந்த பிறகு குடிக்கத் தொடங்கியவரும், பிள்ளையை அடித்துவிட்டு அழுபவரும், பக்கத்துக் காம்பராக்காரரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொள்பவரும் வருவார்கள். யாரையும் நான் குற்றவாளியாக வைத்து விசாரிப்பதில்லை.

மூன்றாவது, உண்மையாக இருப்பது. எனக்கு விளங்காததை விளங்கியதுபோல் காட்ட மாட்டேன். வீடு கட்டித் தருவது, பெயரைப் பட்டியலில் சேர்ப்பது போன்ற என்னால் முடியாதவற்றை முடியும் என்று சொல்லவும் மாட்டேன்.

அன்று நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கொட்டினால்தான் பாரம் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள். மனம் தயாராகாதவரை வற்புறுத்திச் சொல்லவைப்பது நன்மை தராது. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமானால் அதற்கும் இடம் உண்டு.

"திரும்பி வந்தது சரியா?"

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். வேலை இங்கே, பயமும் இங்கே. பெற்றோர் லயத்தை விட்டு வர மறுக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் மகன் வரச்சொல்கிறான். இதற்கு நான் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு வழியிலும் எதை இழப்பீர்கள், எது உங்களால் தாங்கக்கூடியது என்று நீங்களே வரிசைப்படுத்திப் பார்க்கத் துணையிருப்பேன். முடிவோடு வாழப்போகிறவர் நீங்கள். முடிவும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

ஆனால் மண் பாதுகாப்பானதா என்பது மனதைக் கேட்டு முடிவுசெய்யும் விடயம் அல்ல. அதைச் சொல்ல வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று நீர் ஆகியவற்றைக் கண்டால் உடனே விலகிச் சென்று கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியேறுங்கள். அந்த நேரத்துப் பயம் நோயல்ல; அது உங்களைக் காக்கும் பயம். எந்த மழைக்குப் பயப்பட வேண்டும், எந்த மழைக்குத் தூங்கலாம் என்று பிரித்தறிய முடிந்தாலே இரவுகள் கொஞ்சம் இலகுவாகும்.

சொல்வது வெளியே போகுமா?

நீங்கள் சொல்வதைத் துரையிடமோ, கணக்கப்பிள்ளையிடமோ, தலைவரிடமோ, உங்கள் கணவன் அல்லது மனைவியிடமோ நான் சொல்வதில்லை. நிவாரணப் பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், பிள்ளை ஒன்று துன்புறுத்தப்பட்டாலும், உதவக்கூடியவருக்கு அறிவிப்பேன். அதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யவே முயல்வேன்.

பிள்ளைகள்

படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தாயை விட்டு விலக மறுப்பது, மண்சரிவையே விளையாட்டாக விளையாடுவது ஆகியவை பிள்ளைகளிடம் காணப்படலாம். ஏசாதீர்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், பாடசாலை என்ற ஒழுங்கு திரும்புவதே அவர்களுக்குப் பெரிய மருந்து. கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எப்போது கூடுதல் உதவி தேவை?

பல வாரங்களாகத் தூங்கவோ வேலைக்குப் போகவோ முடியாவிட்டால், குடி கூடிக்கொண்டே போனால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சை இலவசம். தேவையானால் நானும் உங்களோடு வருவேன். தொலைபேசியில் பேச விரும்பினால்:

1926: தேசிய மனநல உதவிச் சேவை
1929: சிறுவர் பாதுகாப்பு
1938: பெண்களுக்கான உதவி
1990: அம்புலன்ஸ்
117: அனர்த்த முகாமைத்துவ நிலையம்

பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை பற்றி விசாரிக்கலாம். தனியாக வரத் தயக்கமாக இருந்தால் அக்காவையோ அயலவரையோ கூட்டிவாருங்கள். முதல் நாள் தேநீர் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாலும் பரவாயில்லை.