70 வருடம் ஏறாத விலை, நான்கரை மடங்கு ஏறிய பிரீமியம்: தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு பொருள் ஏறக்குறைய எழுபது வருடம் ஒரே விலைக்கு விற்றது, தெரியுமா? கோகோ கோலா! 1886-ல் அட்லாண்டா நகரத்து மருந்துக்கடையில் ஒரு கிளாஸ் 5 சென்ட். நடுவில் இரண்டு உலகப் போர்களும் பெருமந்தமும் சர்க்கரைத் தட்டுப்பாடும் வந்து போயின. 1950-களிலும் பல ஊர்களில் அதே 5 சென்ட்!

காரணம் தெரிந்தால் அசந்துபோவீர்கள். 1899-ல் இரண்டு வக்கீல்கள் கம்பெனி முதலாளி ஏசா கேண்ட்லரைத் தேடி வந்து, கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டார்கள். பாட்டில் வியாபாரமெல்லாம் எங்கே தேறப்போகிறது என்று நினைத்த அவர், வெறும் 1 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அவர்களுக்கு விற்கும் கோலா சிரப்புக்கு நிலையான விலை, ஒப்பந்தத்துக்குக் காலக்கெடுவே கிடையாது! பாட்டில் வியாபாரமோ பிய்த்துக்கொண்டு போனது. சிரப் விலையை ஏற்ற முடியாத கம்பெனிக்கு ஒரே வழி, விற்பனையைப் பெருக்குவது. அதற்குப் பாட்டில்காரர்கள் விலையை ஏற்றாமல் இருக்க வேண்டும். நாடு முழுக்கச் சுவர் சுவராக ‘5 சென்ட்’ என்று விளம்பரம் எழுதினார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கும் விலைக்கு மேல் எந்தக் கடைக்காரர் கேட்பார்?

1921-ல் ஒப்பந்தத்தைத் திருத்திவிட்டார்கள். அப்புறமும் விலை அசையவில்லை! காசு போட்டால் பாட்டில் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன; அவை வாங்கிக்கொண்டது 5 சென்ட் நாணயத்தை மட்டும்தான். அதற்கு அடுத்த நாணயம் 10 சென்ட், அதாவது ஒரே தாவலில் இரட்டை விலை. கம்பெனியை நடத்திய ராபர்ட் உட்ரஃப் 1953-ல் என்ன செய்தார் தெரியுமா? தன் நண்பரான அதிபர் ஐசனோவரிடமே, ஏழரை சென்ட்டுக்குப் புது நாணயம் வெளியிடச் சொல்லிக் கேட்டார்! அது நடக்கவில்லை. சில இடங்களில் ஒன்பது பாட்டிலுக்கு ஒன்றைக் காலியாக வைத்தும் பார்த்தார்கள். காலி பாட்டில் கிடைத்தவர் இன்னொரு நாணயம் போட வேண்டும், பாவம். 1959-க்குள் 5 சென்ட் கோலா மறைந்துவிட்டது.

விலையைக் கட்டிப்போட்ட கடை இன்றும் ஒன்று உண்டு. காஸ்ட்கோவில் ஒரு ஹாட் டாக்கும் குளிர்பானமும் சேர்த்து 1.50 டாலர். 1985-லிருந்து இதே விலை! இதற்காகவே ஹாட் டாக் செய்யச் சொந்தத் தொழிற்சாலை கட்டினார்கள். 2013-ல் கோகோ கோலாவை விட்டுவிட்டுப் பெப்சிக்கு மாறினார்கள். ஏற்றக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

இப்போது பர்கருக்கு வருவோம். மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் 1967-ல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் 45 சென்ட்டுக்குப் பிறந்தது. மறுவருடம் நாடு முழுக்க வந்தபோது 49 சென்ட். அந்த 1968-ல் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். ஒரு மணி நேர உழைப்புக்கு மூன்று பிக் மேக் வாங்கலாம், மிச்சச் சில்லறையும் கையில் இருக்கும்! 2024-ல் அதன் சராசரி விலை 5.69 டாலர். கூலி? 2009-லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான். பல மாநிலங்கள் தாங்களாகவே கூட்டிக் கொடுக்கின்றன, உண்மைதான். பெரிய துரித உணவுச் சங்கிலிகளில் வேலை செய்பவர்களுக்குக் கலிஃபோர்னியா 2024 ஏப்ரலில் 20 டாலர் ஆக்கியது. கூட்டாத மாநிலங்களில் அடுப்படியில் நிற்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

பர்கர் விலையையும் சின்னதாக்கிவிடும் ஒன்று இருக்கிறது: மருத்துவக் காப்பீடு! அது எவ்வளவு எளிமையாகத் தொடங்கியது தெரியுமா? 1929-ல் டல்லஸ் நகரத்து பேய்லர் மருத்துவமனையில், பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் 21 நாள் வரை படுக்கையும் சிகிச்சையும். ஆசிரியர்கள் கட்ட முடியாமல் நின்றுபோன பில்களைப் பார்த்துவிட்டு, மருத்துவமனை நிர்வாகி ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் கண்ட வழி அது. ப்ளூ க்ராஸ் என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பு வளர்ந்தது இந்த விதையிலிருந்துதான்.

பிறகு போர் வந்தது. 1942-ல் அரசு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. காப்பீட்டுச் சலுகைக்கு மட்டும் விலக்கு. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. 1954-ன் வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதியாக்கியது. அந்த ஏற்பாடுதான் இன்றுவரை ஓடுகிறது!

1999-ல் கம்பெனி வழியாக ஒரு குடும்பத்துக்கு எடுக்கும் காப்பீட்டின் சராசரி பிரீமியம் வருடத்துக்கு 5,791 டாலர். 2025-ல் 26,993 டாலர்! நான்கரை மடங்குக்கும் மேல். தொழிலாளி தன் கையிலிருந்து கட்டுவது 6,850. மீதி 20,000-க்கும் மேல் கம்பெனி கட்டுகிறது. ஆனால் அதுவும் சம்பளமாகக் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம்தான் என்பது பெரும்பாலான பொருளாதார அறிஞர்களின் கணிப்பு. சம்பளச் சீட்டில் தெரியாததால் யாருக்கும் உறைப்பதில்லை.

அமெரிக்கர்கள் ஓயாமல் டாக்டரிடம் ஓடுகிறார்களா? அதுதான் இல்லை! வளர்ந்த நாடுகள் பலவற்றோடு ஒப்பிட்டால் அவர்கள் போவது குறைவு. ஏறிக் கிடப்பது மருந்து, ஸ்கேன், அறுவை சிகிச்சை ஒவ்வொன்றின் விலை.

கம்பெனிக் காப்பீடு இல்லாமல் சொந்தமாக பாலிசி வாங்கும் சிறு கடைக்காரர்கள், விவசாயிகள், தனித்தொழில் செய்பவர்கள் என்று சுமார் 2.2 கோடிப் பேர் அரசு மானியம் பெற்றுவந்தார்கள். அதில் 2021-ல் சேர்த்த கூடுதல் பகுதி 2025 கடைசியில் முடியவிருந்தது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்ற மோதலில் அமெரிக்க அரசாங்கமே 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் முடங்கிக் கிடந்தது, தெரியுமா? அந்த நாட்டு வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீண்ட முடக்கம் வந்ததில்லை. முடக்கம் நீங்கிய நாளிலும் மானியத்துக்கு உறுதி கிடைக்கவில்லை.