எல்லைக்கு இருபுறமும் ஒரே வெயில்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடுகளுக்கு அரசு பணம் தருகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களில் அது யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையை நெருங்கும்போது பெயர்ப்பலகைகளில் மலையாளம் விலகித் தமிழ் தலைகாட்டுகிறது. களியக்காவிளை வந்தால் மின்கம்பங்களும் வேறு வாரியத்துக்குச் சொந்தம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று போட்ட கோடு இன்று கரண்டு பில்லிலும் தெரிகிறது.

கோட்டின் இருபுறமும் அதே ரப்பர், அதே தென்னை, அதே மரச்சீனி. ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கேரளத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ, முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த கட்டணம்.

ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் செலவாகும். அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. நான்கு பல்புகளை மாற்றினால் 60 யூனிட் மிச்சம். பாறசாலைக்காரருக்கு அது பணம். களியக்காவிளையில் 100 யூனிட்டுக்குள் வாழும் குடும்பத்துக்கோ பல்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பில் பூஜ்யம்தான். சிக்கனம் பலிக்க, மிச்சமாவது வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

இதைக் கேரளம் முன்பே புரிந்துகொண்டது. எண்பதுகளில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் உருவாக்கிய புகையில்லா அடுப்பு, விறகையும் பெண்களின் கண்ணெரிச்சலையும் ஒருசேரக் குறைத்தது. மேம்பட்ட அடுப்புகளுக்கு மத்திய அரசு 1983இல் தொடங்கிய தேசியத் திட்டம் 2002 வரை மானியம் தந்தது. 2010இல் மத்திய அரசின் 'பசத் லாம்ப்' திட்டத்தின் கீழ், குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு ஒரு சி.எஃப்.எல். பல்பு கிடைத்தது. 2021இல் வந்தது 'குண்டு பல்பு இல்லாத கேரளம்'. மின்வாரியமே எல்.இ.டி. பல்பைக் கொடுத்து, விலையைக் கரண்டு பில்லோடு தவணையாக வசூலித்தது. கையில் ரொக்கம் இல்லாதவர்களும் வாங்க முடிந்ததற்கு அந்தத் தவணைதான் காரணம்.

இப்போது மானியம் பல்பிலிருந்து கூரைக்கு ஏறியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். இது இரு மாநிலங்களுக்கும் பொது. தமிழக அரசும் 2013இல் ஒரு கிலோவாட் கூரைத் தகடுக்குத் தன் பங்காக 20,000 ரூபாய் தரத் திட்டம் வகுத்தது.

மூன்று கிலோவாட் தகடு நல்ல வெயிலில் மாதம் 350 யூனிட் வரை கொடுக்கும். ஏ.சி.யும் தண்ணீர் மோட்டாரும் உள்ள வீட்டுக்கு இது லாபமான முதலீடு. சிக்கல் தொடங்குவது அதற்குக் கீழேதான். மானியம் தகடு பொருத்திய பின்னரே வரும். அதுவரை முழுத் தொகையை வீட்டுக்காரர் புரட்டவேண்டும் அல்லது வங்கிக் கடன் வாங்கவேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத கூரை தேவை. தென்னையும் பலாவும் சூழ்ந்த ஐந்து சென்ட் நிலத்து வீட்டுக்கு அது எளிதல்ல. ஓட்டுக் கூரையில் சட்டம் அடிக்கும் செலவு தனி. வாடகைக்கு இருப்பவருக்குக் கூரையே இல்லை.

ஆக, எல்லையின் ஒருபுறம் சிறு வீட்டுக்காரருக்கு மிச்சப்படுத்தக் காரணமில்லை. மறுபுறம் காரணம் இருக்கிறது, கையில் காசு இல்லை. பெரிய மானியம் பெரிய கூரையைத் தேடிப் போகிறது.

மின்வாரியத்தின் கவலை வேறு. சூரியத் தகடு உழைப்பது பகலில். கேரளத்தில் தேவை உச்சத்துக்குப் போவது இரவில். 2024 மே மாதக் கொடுங்கோடையில் அது 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் அது. இரவில் மிச்சமாகும் யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். அந்த மிச்சம் தகட்டில் இல்லை. புழுங்கும் படுக்கையறையில் சுழலும் மின்விசிறியில் இருக்கிறது. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். இதற்குக் கூரை வேண்டாம், பட்டா வேண்டாம். வாடகை வீட்டிலும் மாட்டலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

இடைஞ்சல் விலைதான், சாதாரண விசிறியைவிட அதிகம். ஒரு கோடி சிக்கன விசிறிகளை விற்க 2023இல் மத்திய அரசு நிறுவனம் ஒன்று திட்டம் அறிவித்தது. பல்புக்குப் பலித்த வழி விசிறிக்கும் பலிக்கும்: முன்பணம் கேட்காமல் கொடுத்து, பில்லோடு தவணையாக வசூலிப்பது. தவணையை மிச்சமாகும் யூனிட்டே பெரும்பாலும் கட்டிவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒன்று செய்யலாம். இலவச 100 யூனிட்டில் ஒரு குடும்பம் பயன்படுத்தாமல் விட்டதற்குச் சிறு தொகை வரவு வைத்தால், களியக்காவிளையிலும் குண்டு பல்பைக் கழற்றக் காரணம் கிடைக்கும்.

வெயில் எல்லைக்கோடு பார்ப்பதில்லை, வீட்டின் அளவும் பார்ப்பதில்லை. மானியம்தான் இரண்டையும் பார்க்கிறது.